வெட்டத் தெரிந்தால் போதுமா?

இல்லத் திருமணத்தையோ பள்ளி ஆண்டு விழாவையோ கைப்பேசியில் படம் பிடித்து, வேண்டாத பகுதிகளை நீக்கி, இசை சேர்த்து, அன்று மாலையே உற்றார் உறவினர்க்கு அனுப்பிவிடுகிறார்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுள் சிலர் படத்தொகுப்பையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளவும் விரும்புகின்றனர். “இணையத்தில் பார்த்தே கற்றுவிடலாம் என்கிறானே மகன், அதை நம்பலாமா?” என்று பெற்றோர் கவலையுறுவது இயல்பே.

இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. படத்தொகுப்பில் கற்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கருவியைக் கையாளும் திறமை. மற்றொன்று, எதை வைப்பது, எதை விடுவது, எந்தக் கணத்தில் வெட்டுவது எனத் தீர்மானிக்கும் பக்குவம். முன்னதை இணையம் தாராளமாக வழங்குகிறது. பின்னதை அடைய மாணவன் தானே சில முயற்சிகளை மேற்கொள்ள வேண்டும்.

முன்னாளில் கற்ற விதம்

படச்சுருளைக் கையால் வெட்டி ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. 1924-ஆம் ஆண்டில் ஐவன் செருரியர் என்பவர் உருவாக்கிய மூவியோலா என்னும் இயந்திரமே நெடுங்காலம் தொகுப்பாளரின் துணையாக விளங்கியது. அக்காலத்தில் தொகுப்பாளர் தனித்துப் பணியாற்ற முடியாது. துண்டுகளை எடுத்துக் கொடுக்கவும், ஒலியையும் படத்தையும் பொருத்தி வைக்கவும் உதவியாளர் அருகிலேயே இருந்தாக வேண்டும். அவ்வாறு நின்றவர் வெட்டுகளைக் கண்டார். அவ்வெட்டுகளைப் பற்றி இயக்குநரும் தொகுப்பாளரும் வாதிட்டதையும் கேட்டார். கல்லூரி தராத கல்வி அது.

தமிழ்த் திரையுலகிலேயே இதற்குச் சான்று உண்டு. ‘பாசமலர்’ (1961) முதலிய படங்களை இயக்கிய ஏ. பீம்சிங், கிருஷ்ணன்–பஞ்சு இரட்டையரிடம் உதவிப் படத்தொகுப்பாளராகச் சேர்ந்து தொழில் பயின்றவர். அவருடைய மைந்தர் பி. லெனினும் புகழ்பெற்ற படத்தொகுப்பாளரானார், வி. டி. விஜயனுடன் இணைந்து ‘நாயகன்’ (1987) படத்தைத் தொகுத்தவர் அவரே.

1989-இல் அவிட் என்னும் கணினித் தொகுப்பு முறை வந்தபின் நிலைமை மாறிற்று. துண்டுகளை எடுத்துக் கொடுக்க ஆள் தேவைப்படவில்லை. உதவியாளர் வேறோர் அறையில், பல வேளைகளில் வேறோர் நேரத்தில், தம் பணியை முடித்துச் செல்கிறார். வேலை எளிதாயிற்று, ஆயினும் ஆசானின் அருகே நின்று கற்கும் வாய்ப்புச் சுருங்கிவிட்டது. இன்று இணையத்தை நாடும் இளைஞர் பலருக்கு அந்த வாய்ப்பு அறவே இல்லை என்பதை நாம் மறக்கலாகாது.

இணையம் தருவன

முதலாவது, கருவி. டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் ஒரு வடிவம் கட்டணமின்றியே கிடைக்கிறது. அதனை வெளியிடும் நிறுவனம் பயிற்சி நூல்களையும் பயிற்சிக்குரிய காட்சிகளையும் தன் இணையத்தளத்தில் இலவசமாகவே வைத்துள்ளது. கேடென்லைவ், ஷாட்கட் போன்றவையும் விலையின்றிப் பெறத்தக்கவை. ஆகவே மென்பொருளின் பொத்தான்களை அறிவதற்காக மட்டும் பெருந்தொகை கேட்கும் வகுப்புகளில் சேருமுன் பெற்றோர் ஒருமுறைக்கு இருமுறை சிந்திப்பது நலம்.

இரண்டாவது, மூலப்பொருள். பிறர் தொகுத்து முடித்த படத்தை வெட்டிப் பழகுவதால் பயன் குறைவு; தொகுக்கப்படாத காட்சிகளே பயிற்சிக்கு வேண்டும். பிளெண்டர் நிறுவனத்தார் ‘டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்’ (2012) என்னும் குறும்படத்தோடு அதன் மூலக் காட்சிகளையும் எவரும் எடுத்தாளும் உரிமையுடன் வெளியிட்டனர்.

மூன்றாவது, விளக்கம். டோனி ஜோ, டெய்லர் ராமோஸ் ஆகிய இருவரும் 2014-இல் யூடியூபில் தொடங்கிய ‘எவ்ரி ஃபிரேம் எ பெயிண்டிங்’ தொடர் குறிப்பிடத்தக்கது. படத்தொகுப்பாளர் எவ்வாறு எண்ணுகிறார், எவ்வாறு உணர்கிறார் என்பதை ஆராயும் பகுதி ஒன்று 2016-இல் வெளிவந்தது. பொத்தான்களைப் பற்றிய பாடங்கள் ஆயிரம் உள்ள இடத்தில், காரணங்களைப் பற்றிப் பேசும் இத்தகையவை சிலவே.

ஒரே முகம், மூன்று பொருள்

படத்தொகுப்பைக் கற்பிக்கும் பள்ளி 1919-இலேயே மாஸ்கோவில் தோன்றியது. அங்கு ஆசிரியராயிருந்த லெவ் குலெஷோவ் செய்த சோதனையை அவருடைய மாணவர் புடோவ்கின் பதிந்து வைத்துள்ளார். உணர்ச்சி காட்டாத ஒரு நடிகரின் முகம் சூப்புத் தட்டு ஒன்றை அடுத்தும், சவப்பெட்டியில் கிடக்கும் பெண்ணை அடுத்தும், விளையாடும் சிறுமியை அடுத்தும் காட்டப்பட்டது. முகம் ஒன்றே, ஆயினும் பார்த்தவர்கள் அதில் முறையே ஆழ்ந்த சிந்தனையையும் துயரையும் மகிழ்வையும் கண்டு, நடிகரைப் பாராட்டினராம்.

இச்சோதனையைப் பிள்ளைகள் தம் கைப்பேசியிலேயே செய்து பார்க்கலாம். செய்து பார்த்தால், இவ்வாற்றலின் மறுபக்கமும் விளங்கும். ஒருவர் ஓரிடத்தில் சிரித்த சிரிப்பை வேறோர் துயரச் செய்திக்குப் பின் ஒட்டினால், அவரைக் கல்நெஞ்சராக்கிவிடலாம். கருவியின் பாடங்கள் இதைப் பெரும்பாலும் பேசுவதில்லை. ஆகவே இதைச் சொல்லித்தர வேண்டிய கடமை வீட்டுப் பெரியோரைச் சார்கிறது.

நாளொன்றுக்கு ஒன்றரை வெட்டு

அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச் 1995-இல் வெளியிட்ட ‘இன் த பிளிங்க் ஆஃப் அன் ஐ’ என்னும் சிறுநூலில் ஒரு கணக்கைத் தருகிறார். ‘அபோகலிப்ஸ் நவ்’ (1979) படத்திற்காக எடுக்கப்பட்ட காட்சிகள் 230 மணி நேரத்திற்கும் மேல். முடிந்த படமோ ஏறத்தாழ 2 மணி 25 நிமிடம். செலவான நாள்களைக் கணக்கிட்டால், தொகுப்பாளர் ஒருவர் நாளொன்றுக்குச் செய்த வெட்டு 1.47 தானாம்! எஞ்சிய நேரமெல்லாம் பார்ப்பதிலும், வேறு வழிகளை முயன்று கைவிடுவதிலும், விவாதிப்பதிலும் கழிந்தது.

அவரே ஆறு அளவுகோல்களை வரிசைப்படுத்தி, உணர்ச்சிக்கு முதலிடமும் கதைக்கு இரண்டாமிடமும் தந்துள்ளார். இடத் தொடர்ச்சி கடைசியில்தான் வருகிறது. வெள்ளித்திரையின் பேரளவை மறவாதிருக்கத் தாளில் சிறு மனித உருவங்களை வெட்டித் தம் திரையின் இருபுறமும் ஒட்டி வைக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. கைப்பேசியின் சிறு திரையிலேயே பழகும் நம் இளைஞர்க்கு இது தக்க எச்சரிக்கை.

செய்யத்தக்கவை

ஒரு மென்பொருளைத் தெரிந்தெடுத்து ஆறு மாதம் அதிலேயே நிலைத்திருங்கள். நல்ல படமொன்றின் ஐந்து நிமிடப் பகுதியை ஒலியின்றிப் பார்த்து, வெட்டுகளை எண்ணி, ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிகழ்ந்தது என ஏட்டில் குறியுங்கள். ஒரே காட்சியை மூன்று விதமாகத் தொகுத்துப் பாருங்கள். தொகுத்ததை ஓர் இரவு ஆறப்போட்டு மறுநாள் காணுங்கள். பிறர் பாடலையும் படத்தையும் உரிமையின்றி எடுத்தாளாதீர்கள்.

அனைத்திலும் முக்கியமானது ஒன்று உண்டு. செய்ததை இன்னொருவர் முன் ஓடவிட்டு, அவர் முகத்தைக் கவனியுங்கள். எங்கே கண்கள் அலைகின்றன, எங்கே புருவம் சுருங்குகிறது என்று பாருங்கள். இழந்துபோன ஆசானின் இடத்தை ஓரளவேனும் நிரப்பக்கூடியது அம்முகமே.

பெற்றோரே, உங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாதிருக்கலாம், அதனால் குறைவில்லை. மகனோ மகளோ தொகுத்த படத்தைக் காட்ட வரும்போது கையிலுள்ள வேலையை வைத்துவிட்டு முழுமையாகப் பாருங்கள். “நன்று” என்று சொல்லி அனுப்பிவிடாமல், எந்த இடத்தில் புரியவில்லை, எந்த இடத்தில் சலித்தது என்பதை அன்போடு சொல்லுங்கள். இணையம் தர இயலாத அந்தப் பாடத்தை உங்களாலேயே தர முடியும்.