சாஃப்ட் டாப் ஒழுகுகிறது: தண்ணீர் வந்த வழியைத் தேடி

போன நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. வீட்டிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் பிரேக் போட்டதும் சீட்டுக்குப் பின்னாலிருந்து 'சளக்' என்று ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் உருண்டிருக்கும் என்று நினைத்தேன். அடுத்த சிக்னலிலும் அதே சளக். ஆபீஸ் பார்க்கிங்கில் இறங்கி, சீட்டை முன்னால் தள்ளி, கார்ப்பெட்டைக் கையால் அழுத்தினால் விரலுக்கு நடுவே தண்ணீர் பொங்கி வருகிறது.

நான் இருப்பது சியாட்டில் பக்கம். கார், இரண்டாம் கையாக வாங்கிய, 18 வயதான, இரண்டே சீட் உள்ள, துணிக் கூரைக் கார். "மழை பெய்யிற ஊர்ல கூரை மடக்குற காரா?" என்று வாங்கும்போதே வீட்டில் கேட்டார்கள். இங்கே வருஷத்துக்கு மொத்தமே சுமார் 1,000 மி.மீ. மழைதான், சென்னைக்கு 1,400 மி.மீ. என்று அப்போது கணக்குச் சொல்லி வாயடைத்தேன். கணக்கு சரி. ஆனால் சென்னை மழை கொட்டிவிட்டுப் போய்விடும், அடுத்த நாள் வெயில் காயும். இங்கே அக்டோபரில் தொடங்கினால் மாதக்கணக்கில் தூறிக்கொண்டே இருக்கும். துணி காயவே காயாது. அளவை மட்டும் பார்த்தேன், நேரத்தைப் பார்க்கவில்லை.

ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு, "துணி பழசாயிடுச்சு, முழுக் கூரையையும் மாத்தணும், 1,800 டாலர்" என்றார்கள். மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், ஒழுகலும் நின்றிருக்காது. ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

கூரை என்பது என்ன?

துணிக் கூரையில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று வினைல், நம்மூர் ஆட்டோ கூரையில் போடும் ரெக்ஸினுக்குச் சொந்தக்காரன். இன்னொன்று மூன்று அடுக்குத் துணி: மேலே சாயம் ஏற்றிய அக்ரிலிக் நெசவு, கீழே பருத்தியோ பாலியெஸ்டரோ, நடுவில் மெல்லிய ரப்பர் படலம். இந்த மூன்றடுக்கு யோசனை காரைவிடப் பழசு. 1823இல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மேக்கின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாஃப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசிக் காப்புரிமை வாங்கினார். மழைக்கோட்டுக்கு 'மேக்கின்டாஷ்' என்று பேர் வந்தது அப்படித்தான். அந்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். பின்னால் கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் வல்கனைசேஷன் முறை வந்து அதைத் தீர்த்தது. இன்று நல்ல கூரைத் துணிகளின் நடுவில் இருப்பது ப்யூட்டைல் ரப்பர். 1937இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்ட் ஆயில் ஆய்வகத்தில் தாமஸ், ஸ்பார்க்ஸ் என்ற இருவர் உருவாக்கியது. டயர் ட்யூபில் காற்று போகாமல் பிடித்துவைப்பதும் இதுதான்.

அதாவது துணி கிழியாதவரை, நடு ரப்பர் முழுசாக இருக்கும்வரை, துணியின் ஊடாகத் தண்ணீர் வராது. ஒழுகுகிறது என்றால் துணி முடிகிற இடங்களைத்தான் முதலில் சந்தேகப்படணும்: தையல், பின் கண்ணாடி ஒட்டிய ஓரம், ஜன்னல் ரப்பர், முன் கண்ணாடிச் சட்டத்தின் மேல் கூரை பூட்டுகிற இடம், கடைசியாக வடிகால்.

வடிகாலா? ஆமாம். நானும் அப்படித்தான் கேட்டேன்.

முதல் குற்றவாளி: வடிகால்

வீட்டு மொட்டை மாடி மாதிரிதான். மாடியில் விழும் மழையை யாரும் தடுப்பதில்லை, வழி காட்டிக் கீழே இறக்குகிறோம். என் காரில் கூரைத் துணியின் பின் ஓரம் ஒரு பிளாஸ்டிக் காடிக்குள் முடிகிறது. துணிமேல் ஓடிவரும் தண்ணீர் அதில் விழுந்து, இடமும் வலமும் பிரிந்து, சீட் பெல்ட் தூணுக்குப் பக்கத்திலுள்ள ஓட்டையில் இறங்கி, ஒரு குழாய் வழியே பின் சக்கரத்துக்கு முன்னால் தரையில் கொட்டும். பல துணிக் கூரைக் கார்களில் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான்.

ஒன்றரை சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 15 லிட்டர். பாதிப் பாதி என்றால் ஒவ்வொரு குழாயும் ஏழரை லிட்டர் இறக்கணும். குழாய் அடைத்தால் காடி நிரம்பும். நிரம்பினால் காருக்குள்தான் வழியும்.

சோதனை சுலபம். அரை லிட்டர் தண்ணீரை ஓட்டைக்குள் மெதுவாக ஊற்றிவிட்டு, காருக்கு அடியில் பாருங்கள். என் காரில் வலது பக்கம் சில வினாடிகளில் கொட்டித் தீர்ந்தது. இடது பக்கம் தண்ணீர் அப்படியே நின்று என்னைப் பார்த்தது.

உள்ளே இருந்தது ஒரு கைப்பிடி ஃபிர் மர ஊசியிலை, மண்ணோடு சேர்ந்து மக்கிப்போய். காரை நிறுத்துகிற இடத்துக்கு மேலே அந்த மரம்தான் நிற்கிறது.

சுத்தம் செய்யும்போது இரண்டு தப்பு செய்யாதீர்கள். ஒன்று, இரும்புக் கம்பியால் குத்துவது, குழாய் கிழியும். இரண்டு, கம்ப்ரஸர் காற்றை அடிப்பது. குழாய் உள்ளுக்குள் இணைப்பிலிருந்து கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகக் காரின் உடம்புக்குள் போகும், வெளியே தெரியவும் தெரியாது. முதலில் மேலிருக்கும் குப்பையை விரலாலும் இடுக்கியாலும் எடுத்துவிடுங்கள், கீழே தள்ளாதீர்கள். பிறகு புல்வெட்டும் மெஷினில் போடுகிற தடித்த நைலான் நரம்பு ஒரு மீட்டர், நுனியைத் தீயில் காட்டி உருட்டிவிட்டு, மெதுவாக உள்ளே விட்டு எடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றுங்கள். மறுபடி அரை லிட்டர் சோதனை. எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.

இரண்டாவது: வேகத்தில் மட்டும் வரும் ஒழுகல்

பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்து ஹைவேயில் போகும்போது இடது தோளில் சொட்டுச் சொட்டாக விழுகிறது. நிறுத்தி வைத்தால் ஒரு சொட்டும் இல்லை. சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு இது தெரிந்த வியாதி: டெஸ்ட்டில் வராத பக், புரொடக்‌ஷனில் வரும்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்று முட்டும் அழுத்தம் சுமார் 460 பாஸ்கல். அது கிட்டத்தட்ட 4.7 செ.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தம். வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசிதான். அதனால்தான் ஊருக்குள் ஓட்டும்போது தாங்கும் ரப்பர் ஹைவேயில் கைவிடுகிறது. அதோடு கூரைமேல் ஓடும் காற்று துணியை மேல்பக்கமாக இழுத்து உப்ப வைக்கிறது. ஓரங்களின் பிடி இன்னும் தளர்கிறது.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க ஒரு காகிதத் துண்டு போதும். ஜன்னல் ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்திவிட்டு இழுங்கள். கொஞ்சம் முரண்டு பிடித்து வந்தால் ரப்பர் அழுத்துகிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. நான் ஒரு கை அகலத்துக்கு ஒன்றாகச் சோதித்தேன். இடது ஜன்னலின் முன் மேல் மூலையில் காகிதம் தானாகவே விழுந்தது.

உறுதி செய்ய, ஹோஸ் பைப். முனையில் எதுவும் மாட்டாமல், மெதுவான நீரோட்டத்தில், கீழிருந்து மேலாகப் போகணும். மேலிருந்து தொடங்கினால் வழியும் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எது வாசல் என்று தெரியாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஐந்து நிமிஷம். உள்ளே டார்ச்சோடு ஒருவர் உட்காரணும். என் மகள் உட்கார்ந்தாள். ரப்பர் ஓரங்களில் டால்கம் பவுடர் தூவி வைத்தால் தண்ணீர் ஓடிய தடம் கோடாகத் தெரியும். இது முக்கியம், ஏனென்றால் சொட்டுகிற இடம் நுழைந்த இடமல்ல. கூரைச் சட்டத்தின் கம்பியோடு ஒட்டிக்கொண்டு ஒரு அடி நடந்து வந்துதான் சொட்டுகிறது.

ரப்பர் வருஷக்கணக்கில் அழுந்திச் சப்பையாகியிருந்தது. பெரும்பாலான கார்களில் இந்த ரப்பர் ஈ.பி.டி.எம். வகை. அதற்கு வாஸ்லைனோ எண்ணெயோ தடவாதீர்கள், பெட்ரோலிய எண்ணெயில் அது ஊதிக் கெட்டுப்போகும். சிலிகான் கிரீஸ் சரி. ஆனால் கிரீஸ் ரப்பரை மிருதுவாக வைக்குமே தவிர, சப்பையானதை நிமிர்த்தாது. என் காரில் கூரையை முன்னால் பூட்டுகிற கொக்கியில் ஒரு திருகு இருக்கிறது. அரைச் சுற்று இறுக்கினேன். காகிதம் பிடித்துக்கொண்டது. ஒரேயடியாக இறுக்காதீர்கள், துணிக்கும் கொக்கிக்கும் பாரம் ஏறும்.

மூன்றாவது: நானே வரவழைத்தது

கோடையில் கூரையைப் பாத்திரம் கழுவும் லிக்விட் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தேன். பளிச்சென்று இருந்தது. அதன் பிறகு மழைத்துளி துணிமேல் முத்தாக நிற்பதே இல்லை.

நீரை வெறுக்கும் பூச்சு இருந்தால், 0.1 மி.மீ. துவாரத்துக்குள் தண்ணீரைத் தள்ள ஏறக்குறைய 15 செ.மீ. நீருயரத்தின் அழுத்தம் வேண்டும். துளிக்கும் துணிக்கும் உள்ள தொடுகோணம் 120 பாகை என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சோப்பு மிச்சம் அந்தக் கோணத்தை 90க்குக் கீழே இறக்கினால் அழுத்தமே தேவையில்லை, துவாரமே தண்ணீரை உறிஞ்சும். நடு ரப்பர் தடுக்குமே என்பீர்கள். தடுக்கும், தையல் ஊசி போன இடங்களைத் தவிர. தையல் நூல் விளக்குத் திரி மாதிரி ஈரத்தை உள்ளே கடத்துகிறது.

நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, கராஜில் இரண்டு நாள் காயவிட்டு, துணிக் கூரைக்கென்றே விற்கும் ஃப்ளோரோபாலிமர் ஸ்ப்ரேயை இரண்டு கோட் அடித்தேன். தையல்மேல் ஸீம் ஸீலர் தடவினேன். முத்துக்கள் திரும்பி வந்தன.

ஏன் இவ்வளவு பாடு?

ஈரக் கால்சட்டைக்காக அல்ல. கார்ப்பெட்டுக்கு அடியில் தடித்த ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேலே காய்ந்தாலும் அது காயாது. ஒரு இரண்டு நாள் ஈரம் நின்றாலே பூஞ்சை தொடங்கிவிடும். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் இணைப்புகள் இருக்கும். பேட்டரியைக் கழற்றாமல் அங்கே கை வைக்காதீர்கள். நான் கார்ப்பெட்டை எடுத்து, ஈரமுறிஞ்சும் மெஷின் போட்டு நாலு நாள் காயவைத்தேன்.

இதைவிடப் பெரிய விஷயம் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ இரும்பு. சாதாரணக் காரில் கூரையும் சேர்ந்து உடம்பை முறுக்காமல் பிடிக்கும். கூரை துணியானால் அந்தப் பாரம் தரைக்கும் இந்தப் பெட்டிக்கும் வந்துவிடுகிறது. வடிகால் அடைத்துக் காருக்குள் வழிகிற தண்ணீர் கடைசியில் தேங்குவது இதற்குள்தான். அடியிலிருந்த சின்ன ஓட்டையைக் குத்திவிட்டதும் பழுப்பு நிறத்தில் ஒரு டம்ளர் அளவு தண்ணீர் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அடுத்த வருஷம் மகள் ஓட்டிப் பழகப்போவது இந்தக் காரில்தான். போனில் மாட்டுகிற ஒயர் கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தேன். துரு மேலோட்டமாகத்தான் இருக்கிறது, எங்கும் ஓட்டை விழவில்லை. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டினால் கெட்டியான சத்தம். முழுக்கக் காயவைத்து, உள்ளே மெழுகு ஸ்ப்ரே அடித்து மூடினேன். இன்னொரு குளிர்காலம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

மொத்தச் செலவு 70 டாலருக்குள், மூன்று வார இறுதிகள். புதுக் கூரை போட்டிருந்தால் தையல் ஒழுகல் போயிருக்கும். ஊசியிலைகள் அங்கேயேதான் இருந்திருக்கும், இரும்பு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும்.

இப்போது காலண்டரில் ஒரு குறிப்பு இருக்கிறது. அக்டோபர் 1, ஏப்ரல் 1: ஒவ்வொரு பக்கமும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றிப் பார். துணிக் கூரைக் கார் வைத்திருப்பவர்கள் கூரையைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துக்கொண்டு காருக்குப் பின்பக்கம் போங்கள். காரை இப்போது மரத்தடியில் நிறுத்துவதில்லை.