எட்டாம் வகுப்பில் 'வாசிக்கத் தெரியும்' என்றால் என்ன அர்த்தம்?

கிராமப்புற இந்தியாவில் எட்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளில் சுமார் 71 சதவீதம் பேருக்கு வாசிக்கத் தெரியும் என்கிறது பிரதம் அமைப்பின் 2024 ஏசர் அறிக்கை. 2022-ல் இது 69.6 சதவீதம். ஏறியிருக்கிறது, நல்ல செய்திதானே?

ஒரு நிமிஷம். அந்தச் சோதனையின் மிகக் கடினமான கட்டமே இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு சின்னக் கதைதான். ஏசர் மேல் தப்பில்லை, அடிப்படை வாசிப்பை அளக்கத்தான் அது தொடங்கப்பட்டது. பத்தில் மூன்று பிள்ளைகள் அதிலேயே தடுமாறுவது தனிக் கவலை. ஆனால் மீதி ஏழு பேர் ஒன்பதாம் வகுப்பு மொழிப்பாடத்துக்குத் தயாரா என்று இந்த எண் சொல்லாது.

சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். 80 மதிப்பெண்ணில் 20, இதுவரை பார்க்காத பத்திகளை வாசித்துப் பதில் எழுதுவதற்கு. ஒன்று 400 வார்த்தைக்கு மேல் போகலாம். இன்னொன்றில் புள்ளிவிவரமோ வரைபடமோ இருக்கும். வரியை அப்படியே தேடி எடுத்து எழுதினால் எல்லாவற்றுக்கும் விடை கிடைக்காது. எழுதியவர் என்ன சொல்ல வருகிறார் என்று ஊகிக்க வேண்டும். இரண்டாம் வகுப்புக் கதைக்கும் இதற்கும் நடுவில் பெரிய தூரம். அதைக் கடக்க வேண்டிய முக்கியமான காலம் 6 முதல் 8 வரையிலான நடுநிலை வகுப்புகள்.

ஹார்வர்டு பேராசிரியர் ஜீன் சால் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார்: முதலில் வாசிக்கக் கற்கிறோம், பிறகு கற்பதற்காக வாசிக்கிறோம். நான்காம் வகுப்பு வாக்கில் இந்த மாற்றம் வரும்போது, அதுவரை சரளமாகப் படித்த பிள்ளைகள் சிலரும் சறுக்குகிறார்கள். எழுத்து தெரியும், ஆனால் சொற்களும் விஷயங்களும் புதுசு.

'விஷயம்' எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1988-ல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரெக்ட், லெஸ்லி என்ற இருவர், 7, 8-ம் வகுப்பு மாணவர்கள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வர்ணனையைக் கொடுத்தார்கள். படித்துவிட்டு, மாதிரி மைதானத்தில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்ட வேண்டும். வாசிப்பில் பின்தங்கிய, ஆனால் பேஸ்பால் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும் ஆனால் பேஸ்பால் தெரியாத பிள்ளைகளை முந்திவிட்டார்கள். நம்ம ஊரில் கிரிக்கெட்டை வைத்து யோசித்தால் சட்டென்று புரியும். அப்படிப் பார்த்தால், ஏழாம் வகுப்பு வரலாற்றுப் பாடமும் வாசிப்பு வகுப்புதான். அதை 'முக்கியமான கேள்விகள்' என்று சுருக்கி மனப்பாடம் செய்ய வைத்தால், பாதிக்கப்படுவது மொழிப்பாடமும்தான்.

பிரச்சினை என்னவென்றால், நம் கவனம் இரண்டு முனைகளில் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டத்தின் இலக்கு மூன்றாம் வகுப்போடு முடிகிறது. அப்புறம் வீடும் பள்ளியும் பதறுவது பத்தாம் வகுப்பில். மத்திய அரசின் 2024 பரக் கணக்கெடுப்பில் மொழிப்பாட சராசரி மூன்றாம் வகுப்பில் 64 சதவீதம், ஆறாம் வகுப்பில் 57, ஒன்பதாம் வகுப்பில் 54. (மூன்றும் வேறு வேறு வினாத்தாள், வேறு வேறு பிள்ளைகள். அதனால் 'பத்து புள்ளி சரிவு' என்று நேராகச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வகுப்பு ஏறும்போது மொழி தானாகக் கைவந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதில் ஆதாரம் எதுவும் இல்லை.)

வீட்டில் ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற அக்கா பையன் இருந்தால், ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். "இதை எழுதினவர் என்ன சொல்ல வர்றார்? எந்த வரியை வச்சு அப்படிச் சொல்ற?" பதிலை நாலு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழில் கேட்டாலும் பரவாயில்லை. ஆதாரம் தேடிப் படிக்கும் பழக்கம் ஒரு மொழியில் வந்தால் இன்னொன்றிலும் கைகொடுக்கும். சொல்வளம் மட்டும் அப்படி இல்லை, அதை ஒவ்வொரு மொழியிலும் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.