கண்டன்சர் காய்ந்தால்...



எங்கள் ஊர் மரக்காணம். அப்பாவும் அம்மாவும் உப்பளத் தொழிலாளிகள். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் வெள்ளக்காடு. தை பிறக்கும்வரை கூலி கிடையாது. போன வருஷம் சேர்த்த பணத்தில் அப்பா எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்தார். அது சரியாக மழைக்காலம் பார்த்துப் படுத்துவிட்டது. பட்டனை ஏழெட்டு தடவை அழுத்தினால் ஒரு தடவை எழுந்திருக்கும். பிறகு அதுவும் இல்லை. புது எஸ்.எம்.பி.எஸ். வேணும்னு யாரிடம் கேட்பது? நானே திறந்தேன்.

உள்ளே மூன்று எலக்ட்ரோலைடிக் கண்டன்சர்களின் தலை வீங்கியிருந்தது. கண்டன்சருக்குள் இருப்பது அலுமினியத் தகடும், திரவத்தில் நனைத்த காகிதமும்தான். அடியில் ரப்பர் மூடி. சூடு ஏற ஏறத் திரவம் மூடி வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். எங்கள் பாத்தியில் தண்ணீர் வற்றினால் உப்பு வரும், சோறு வரும். இங்கே வற்றினால் ஈ.எஸ்.ஆர். என்ற உள்தடை ஏறும், அதனால் சூடு இன்னும் ஏறும். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது பொதுக் கணக்கு. 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் சரக்கு, 65 டிகிரியில் சுமார் 32,000 மணி தாங்கும். நிறுத்தாமல் ஓடினால் மூன்றரை வருஷம்தான்! (2000-களின் தொடக்கத்தில் எலக்ட்ரோலைட் கலவை சரியில்லாத கண்டன்சர்கள் உலகம் முழுக்க வீங்கி வெடித்தது தனிக்கதை.)

வீங்கிய மூன்றை மாற்றியும் எழுந்திருக்கவில்லை. கம்ப்யூட்டரை ஆஃப் செய்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை 5 வோல்ட் ஸ்டாண்ட்பை பகுதி ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்த பொடி கண்டன்சர்தான் வில்லன். வீக்கமே இல்லை. 10 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருந்தது, மீட்டர் 2 காட்டியது.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். 230 வோல்ட் ஏ.சி. ரெக்டிஃபை ஆனதும் சுமார் 325 வோல்ட் டி.சி. பெரிய கண்டன்சர்களில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே போகாது. பிளீடர் ரெசிஸ்டர் வடித்துவிடும் என்று நம்பாதீர்கள், அதுவே அறுந்திருக்கலாம். நான் ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்தேன். 'படார்!' முனை உருகிவிட்டது. அம்மா ஓடிவந்து, "ஐயோ பாப்பா, உன்னப் படிக்க அனுப்பினது இதுக்கா?" என்று அழுதுவிட்டார். எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதற்குப் பிறகு 15 வாட் குண்டு பல்பு வழியாகத்தான் வடிக்கிறேன். மீட்டரில் சைபர் பார்த்த பிறகே கை வைப்பேன்.

புதுசு போடும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு. வோல்ட் அதே, அல்லது கூட. 105 டிகிரி, லோ ஈ.எஸ்.ஆர். என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண சரக்கு நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கும் சுவிட்சிங்கைத் தாங்காது. கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். கழற்றும் முன்பே படம் வரைந்துகொள்ளுங்கள். மாற்றிப் போட்டால் வெடிக்கும். புதுச்சேரியில் எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

கடலோரத்தில் இருப்பவர்கள் போர்டையும் பாருங்கள். ஃபேன் உப்புக்காற்றை உள்ளே இழுக்கிறது. காற்றில் ஈரம் 75 சதவீதம் தாண்டினால் உப்புத் தூசி தானே நீர் கோத்துக்கொள்ளும், போர்டில் கரண்ட் கசியும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு, பிரஷ்ஷால் துடைத்துக் காயவிடுங்கள்.

கடைசியில் 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டுக் கரண்ட் கொடுத்தேன். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்துகொண்டே இருந்தால் எங்கேயோ ஷார்ட். என்னுடையது மங்கியது. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தேன், ஃபேன் சுற்றியது. மஞ்சளில் 12.1, சிவப்பில் 5.0. பின்னாலிருந்து மீட்டரை எட்டிப் பார்த்த அப்பா கேட்டார்: "இது நல்ல நம்பராம்மா?"