தேய்ந்த ரேகையும் தொடுதிரையும்

குலசேகரத்தைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் விடியலுக்கு முன்பே பால்வெட்டுத் தொடங்கிவிடுவதற்குக் காரணம், வெயில் ஏறுமுன் மரப்பட்டையின் பால்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதும் அதனால் வெட்டுவாயில் பால் தடையின்றி வடிவதும் ஆகும். இத்தொழிலில் பல்லாண்டுகள் கத்தி பிடித்த கைகளின் தோல் காய்த்துத் தடிக்கிறது. விரல்நுனி ரேகைகள் தேய்கின்றன. முதியோரும் கைபேசியும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் அச்சம், மறதி, ஆர்வமின்மை என்று மனத்தின் மேலேயே பழி விழுந்தாலும், இத்தகைய ஊர்களில் சிக்கல் விரலிலேயே தொடங்கிவிடுகிறது.

இன்றைய தொடுதிரை அழுத்தத்தை உணர்வதில்லை. கண்ணாடிக்கடியில் பரவியிருக்கும் மெல்லிய மின்புலம், மின்சாரத்தைக் கடத்தும் ஈரவிரல் நெருங்கும்போது அடையும் மாற்றத்தையே அது கணக்கிடுகிறது. மூப்பினால் வியர்வை குறைந்து உலர்ந்த தோலும் உழைப்பினால் காய்ப்பேறிய தோலும் மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை ஆதலால் தொடுகை பதிவாகாமற்போக, விரலைச் சற்றே ஊன்றி வைத்தால், திரை அதனை வேறொரு கட்டளையாகக் கொண்டு கேளாத பட்டியலை விரிக்கிறது. 'இதெல்லாம் நமக்கு வராது' என்று கருவி கீழே வைக்கப்படும் தருணங்களில் எத்தனை உண்மையில் வடிவமைப்பின் தோல்விகள் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ரேகையின் கதை இன்னும் விந்தையானது. ஓய்வூதியர் ஆண்டுதோறும் தாம் உயிரோடிருப்பதை மெய்ப்பிக்க அளிக்கும் வாழ்நாள் சான்றிதழை மின்னணு முறையில் பெற, 2014 நவம்பரில் 'ஜீவன் பிரமாண்' திட்டம் தொடங்கப்பட்டது; அதில் விரல்ரேகை பொருந்தாவிட்டால், எதிரே அமர்ந்திருப்பவரையே கருவி ஏற்க மறுத்துவிடும். 2021 நவம்பரில் முக அடையாள முறை சேர்க்கப்பட்ட பின்னர், வீட்டிலுள்ள கைபேசியின் கேமராவே அந்தச் சான்றுக்குப் போதுமானதாயிற்று.

மனத்தைப் பொறுத்தவரை, கருவிகளை நம்பியிருப்பது மூளையை மழுங்கச் செய்யும் என்னும் கருத்து, ஜெர்மானிய மருத்துவர் மான்ஃபிரெட் ஸ்பிட்சர் 2012இல் எழுதிய நூலால் பரவியது. ஆனால் ஜாரெட் பெஞ்ச், மைக்கேல் ஸ்கலின் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 57 ஆய்வுகளையும் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளையும் தொகுத்து 2025இல் வெளியிட்ட பகுப்பாய்வில், ஐம்பது வயது கடந்தோரிடையே எண்ணிமக் கருவிகளைப் பயன்படுத்துவோருக்கு அறிதிறன் குறைபாட்டுக்கான வாய்ப்பு 58 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அறிதிறன் நன்றாயிருப்போரே கருவியைத் தொடர்ந்து கையாள முடியும் என்பதால், எது காரணம், எது விளைவு என்று இதைக்கொண்டு மட்டும் தீர்ப்புக் கூறுவது அவசரமாகும்.

வாட்ஸ்அப்பில் 2013இல் வந்த குரல்செய்தி வசதி, வெள்ளெழுத்துக் கண்ணுக்கும் சிறிய எழுத்துப்பலகைக்கும் இடையிலான போராட்டத்தைப் பெரிதும் குறைத்ததால், வளைகுடாவில் வேலை செய்யும் மகனுக்கு ஒரு தாய் தம் வட்டாரப் பேச்சிலேயே நலம் விசாரித்து அனுப்ப முடிகிறது. உலர்ந்த விரலுக்கோ, ஈரத்துணியில் ஒருமுறை ஒற்றிக்கொள்வதும், தொடுகைக்கான நேரத்தை அமைப்புகளில் நீட்டிவைப்பதும், தொடுபேனாவும் உதவும். இயற்கை ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும் ரப்பர் வகைகளுடன் கரித்தூள் கலந்தால் அவை கடத்தத் தொடங்குகின்றன. மலிவான தொடுபேனாக்கள் பலவற்றின் மென்மையான நுனி இத்தகைய கலவையால் ஆனதே.