விண்டோஸ் 10: கெடு 2025 அக்டோபர் 14, ஆபத்து நவம்பர் 11

“நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?” விழுப்புரம், திண்டிவனம் வாசகர்களிடமிருந்து சில வாரங்களாக வரும் கடிதங்களில் இந்தக் கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் கணினி நின்றுவிடுமா என்று கேட்கிறார் விழுப்புரம் நேருஜி சாலையில் வரிக் கணக்கு பார்த்துத் தருபவர். புதுக் கணினி வாங்கியே ஆக வேண்டும் என்று சர்வீஸ் கடையில் சொல்கிறார்கள், உண்மையா என்று கேட்கிறார் திண்டிவனத்துப் பத்திர எழுத்தர் ஒருவர். பயமுறுத்தலும் அலட்சியமும் சேர்ந்தே பரவுவதால், இந்த வாரம் விஷயத்தைக் கேள்வி பதிலாகவே பார்த்துவிடலாம்.

14-ஆம் தேதிக்குப் பிறகு கணினி ஓடுமா?

ஓடும். 15-ஆம் தேதி காலையிலும் அதே திரை வந்தது, அதே பிரிண்டர் அச்சடித்தது. “ஆதரவு முடிகிறது” என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்த நிறுவனம் இனி எல்லோருக்கும் இலவசமாகத் தராது, அவ்வளவுதான். திருத்தங்கள் எழுதுவது நிற்கவில்லை. பணம் கட்டும் நிறுவனங்களுக்கு 2028 அக்டோபர் வரை அதே விண்டோஸ் 10-க்குத் திருத்தங்கள் போய்க்கொண்டிருக்கும். கருவிகளுக்குள் வைத்து விற்கப்படும் ஒரு சிறப்புப் பதிப்புக்கு 2032 ஜனவரி வரை போகும்.

ஆக, “பழைய மென்பொருள், இனிக் காப்பாற்ற முடியாது” என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. காப்பாற்ற முடியும். யாருக்கு என்பதுதான் இங்கே முடிவு செய்யப்பட்டிருக்கிறது, அது வியாபார முடிவு.

ஓடுகிற கணினிக்கு ஆபத்து எங்கிருந்து வருகிறது?

பலரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். மைக்ரோசாஃப்ட் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அக்டோபர் 14 அப்படியொரு செவ்வாய். அன்று விண்டோஸ் 10-க்கும் திருத்தம் வந்தது. அடுத்த திருத்தச் செவ்வாய் நவம்பர் 11. அன்று விண்டோஸ் 11-க்கு வந்தது, பணம் கட்டியோ பதிவு செய்தோ வைத்திருந்த விண்டோஸ் 10-க்கு வந்தது, இரண்டும் செய்யாத கணினிக்கு வரவில்லை. உண்மையான கெடு அந்த நாள்தான்.

வராததால் கணினி பழைய நிலையிலேயே இருக்கும், அதனால் என்ன குறை என்று தோன்றலாம். குறை இதுதான்: அடுத்தவருக்குக் கொடுக்கும் திருத்தமே உங்கள் ஓட்டையை ஊருக்குச் சொல்லிவிடுகிறது.

ஒரு திருத்தம் வெளியானதும் அதை இறக்கிப் பிரித்துப் பார்க்கிறவர்களில் பாதுகாப்பு ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், தாக்குகிறவர்களும் இருக்கிறார்கள். திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுக் காட்டும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு கோப்புக்குள் ஆயிரக்கணக்கான சிறு செயல்கூறுகள் இருந்தாலும் மாறியவை சிலதான். பார்வை நேரே அங்கே போகும். புதிய கோப்பில் வெளியிலிருந்து வரும் தரவின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்பில் அந்தச் சரிபார்ப்பு இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோகிறது. அளவுக்கு மீறிய தரவை அனுப்பினால் அது பக்கத்து நினைவகத்தில் வழியும். வழிகிற இடத்தில் தாக்குகிறவனால் தன் கட்டளையை வைக்க முடிந்தால் கணினி அவன் சொன்னபடி கேட்கும்.

விண்டோஸ் 11-க்கான திருத்தம் விண்டோஸ் 10-இன் ஓட்டையை எப்படிக் காட்டும் என்று கேட்கலாம். இரண்டும் பெரும்பாலும் ஒரே நிரல்தான். கட்டளைச் சாளரத்தில் பதிப்பு எண் கேட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பு 10.0.19045 என்று சொல்லும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு 10.0.26100 என்று சொல்லும். பெட்டியில் 11 என்று போட்டிருந்தாலும் உள்ளே இன்னும் 10.0 தான்.

இது கற்பனைப் பயம் அல்ல. 2017 அக்டோபரில் கூகுளின் ‘ப்ராஜெக்ட் ஸீரோ’ ஆய்வாளர் மட்டேயுஷ் யூர்ச்சிக், விண்டோஸ் 7-இன் கோப்புகளை விண்டோஸ் 10-இன் கோப்புகளோடு இப்படி ஒப்பிட்டார். புதியதில் சத்தமில்லாமல் சரிசெய்யப்பட்டு, பழையதில் அப்படியே விடப்பட்டிருந்த ஓட்டைகளைக் கண்டுபிடித்து வெளியிட்டார். விண்டோஸ் 7 அப்போது ஆதரவில் இருந்த காலம். ஆதரவே இல்லாத காலத்தில் இதைச் செய்யக் கூகுள் ஆய்வாளர் தேவையில்லை.

அதே ஆண்டு மே 12-இல் வானாகிரை பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட அந்த நச்சு நிரல், மார்ச் 14-இலேயே திருத்தம் வெளியாகிவிட்ட ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. 2014 ஏப்ரலில் ஆதரவு முடிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மார்ச்சில் பொதுத் திருத்தம் தரப்படவில்லை. உலகம் முழுக்க அலறல் எழுந்த பிறகு, மே 13-இல் மைக்ரோசாஃப்ட் அதையும் இலவசமாகக் கொடுத்தது. அந்தக் கோப்புகளுக்குள் இருந்த தேதியோ பிப்ரவரி. தனிக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களுக்காக முன்பே தயாராகியிருந்தது அது. திருத்தம் அலமாரியில் இருந்தது, எல்லோருக்கும் கொடுக்கப்படவில்லை. விண்டோஸ் 10 விஷயத்தில் இனி மாதந்தோறும் நடக்கப்போவது இதுதான்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வானாகிரையில் அதிகம் மாட்டியவை எக்ஸ்பி கணினிகள் அல்ல. திருத்தம் வந்திருந்தும் அதைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். மெதுவாகிறது, டேட்டா தின்கிறது என்று அப்டேட்டையே நிறுத்தி வைத்திருக்கும் கடைகள் நம் ஊர்களில் நிறைய. அவர்களுக்கு அந்தக் கெடு எப்போதோ வந்துவிட்டது.

எங்கள் சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள்?

யாரும் தேடி வருவதில்லை. நிரல் தானாகவே இணையத்தைத் துழாவித் திறந்த கணினியைக் கண்டுபிடிக்கிறது. வானாகிரை மாட்டிய இடங்களில் கேரளத்தின் வயநாட்டில் உள்ள தரியோடு ஊராட்சி அலுவலகமும் ஒன்று. பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் தப்பவில்லை. உங்கள் கணினியில் என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வரி அலுவலகமென்றால் ஐம்பது வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி கடவுச்சொற்கள் உலாவியில் சேமித்திருக்கும். பத்திர அலுவலகமென்றால் வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் அத்தனை பேரின் ஆதார் ஸ்கேன். போனால் போவது கடைக்காரரின் சொத்து மட்டுமல்ல.

அப்படியானால் மாறத் தயங்குவது தவறா?

தவறில்லை. தயக்கத்துக்கு உறுதியான காரணங்கள் இருக்கின்றன. அவற்றை அறியாமை என்று தள்ளுவது அநியாயம்.

முதல் காரணம் வன்பொருள். விண்டோஸ் 11-க்கு இன்டெல் எட்டாம் தலைமுறைச் சில்லாவது வேண்டும்; அந்த வரிசை வந்ததே 2017-இல்தான். சென்னை ரிச்சி தெருவில் பழைய மடிக்கணினி வாங்கிக் கடை வைத்தவர்களிடம் இருப்பவை பெரும்பாலும் நான்காம், ஆறாம் தலைமுறை. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த, இன்னும் வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளும் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்குக் கீழேதான். பாதுகாப்புக்காகவே இந்தக் கோடு என்கிறது மைக்ரோசாஃப்ட். ஆனால் கோட்டுக்குக் கீழே இருந்த ஏழாம் தலைமுறைச் சில்லுகள் சிலவற்றுக்கு அது விலக்கு கொடுத்தது. அவற்றில் ஒன்று மைக்ரோசாஃப்ட்டே விற்ற ‘சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2’ கணினியில் இருந்தது. தன் பொருளுக்கு வளையும் கோடு நமக்கு வளையவில்லை.

இரண்டாவது காரணம் தமிழ். ஒரு பத்திர எழுத்தரின் கணினியைத் திறந்தால் கிரையம், தானம், பாகப்பிரிவினை, விடுதலை என்று வரிசையாகக் கோப்புறைகள். ஒவ்வொன்றிலும் பல ஆண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள். பெயர், சர்வே எண், நான்கு எல்லை இவற்றை மாற்றினால் புதுப் பத்திரம் தயார். அச்சகத்தில் அதுவே கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கருமாதி. இவை பெரும்பாலும் ஒருங்குறியில் (யூனிகோட்) இல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இருக்கின்றன. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். ஒருங்குறியையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் 2010 கோவை செம்மொழி மாநாட்டையொட்டியே தமிழக அரசு தரக் குறியீடுகளாக அறிவித்துவிட்டது. கடைக்காரரின் பழைய கோப்புகளை யார் மாற்றிக் கொடுப்பது என்பதற்கு மட்டும் யாரும் பொறுப்பேற்கவில்லை.

ஆனால் இதில் பாதிப் பயம் தேவையில்லாதது. பழைய எழுத்துருக் கோப்புகள் விண்டோஸ் 11-லும் வேலை செய்யும். நகலெடுத்துப் போட்டால் போதும். 32-பிட் மென்பொருள்களும் பொதுவாக ஓடும். ஓடவே ஓடாதது 16-பிட் நிரல்: டாஸ் காலத்து பில்லிங், ஃபாக்ஸ்ப்ரோ கணக்கு, சில பழைய நிறுவிகள். விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது என்பதுதான் காரணம். உங்களுடையது எந்த வகை என்று அறிய எளிய சோதனை உண்டு: இப்போது இருப்பது 64-பிட் விண்டோஸ் 10 என்றால், அதில் நேரடியாக ஓடுகிற எதுவும் 16-பிட் அல்ல. மென்பொருளோடு வந்த டாங்கிளுக்கும் கைரேகைக் கருவிக்கும் மட்டும் புது டிரைவர் இருக்கிறதா என்று மாறுவதற்கு முன் விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

தயங்கியவர்கள் சிறு கடைக்காரர்கள் மட்டுமல்ல. எக்ஸ்பி முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்தும் நம் வங்கிகளின் ஏடிஎம்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி கெடு வைத்து, 2019 ஜூனுக்குள் மாற்றச் சொல்ல வேண்டியிருந்தது.

புதுக் கணினி வாங்காமல் தப்பிக்க வழி உண்டா?

ஓராண்டுக்கு உண்டு. தனிநபர் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் தரும் நீட்டிப்புத் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது. கணினியில் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் அப்டேட் பக்கத்துக்குப் போனால் ‘என்ரோல் நவ்’ என்ற இணைப்பு இருக்கும். எப்படியும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். 30 டாலர் கட்டலாம். அல்லது கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட்டின் மேகக் கிடங்கில் சேமிக்கச் சம்மதித்தால் பணமே வேண்டாம். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம்.

‘இலவசம்’ என்பதன் விலை அந்தச் சேமிப்புதான். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்பு சண்டை போட்டதால் இந்தச் சேமிப்பு நிபந்தனை அங்கே தளர்ந்தது, இந்தியாவில் தளரவில்லை. நமக்காகக் கேட்க யாரும் இல்லாததால் வந்த வேறுபாடு இது. டொமைனில் இணைத்த அலுவலகக் கணினிகளுக்கு இத்திட்டம் கிடையாது. அவற்றுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுதோறும் இரட்டிப்பு.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக

என் கணினி புதிது, ஆனாலும் தகுதியில்லை என்கிறதே? விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயாஸில் அணைந்திருக்கலாம். சர்வீஸ் கடையில் அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

நல்ல ஆன்டிவைரஸ் போட்டால் போதாதா? போதாது, அது இயங்குதளத்தின் ஓட்டையை அடைக்காது.

தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் 11 போடலாமா? போட முடியும், பின்னர் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது.

லினக்ஸ்? இணையமும் கடிதமும் மட்டும் என்றால் தாராளமாக. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸில் தமிழும் உண்டு.

இணையமே இல்லாத கணினி? அப்படியே இருக்கட்டும்; பென்டிரைவைக் கவனியுங்கள்.

கிராக் செய்த விண்டோஸ்? அந்தக் கிராக் கருவியே பல நேரம் ஓட்டை. அக்டோபர் 14-க்கு முன்பே அது ஆபத்துதான்.

என்னதான் செய்வது?

கெடு தேதியைக் காட்டி விற்கப்படும் எந்தக் கணினியையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். உடனே நீட்டிப்பில் பதிவு செய்யுங்கள். முக்கியக் கோப்புகளை வெளியே கழற்றி வைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுங்கள். அதில் கிடைக்கும் காலத்தில், தினமும் பயன்படும் மாதிரிகளையாவது ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். அடுத்த முறை இயங்குதளம் மாறும்போது இந்தப் பயம் இருக்காது. 16-பிட் மென்பொருளை விட முடியாதவர்கள் அந்தக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, ஜிஎஸ்டியையும் பதிவுத் துறை இணையதளத்தையும் வேறு கணினியில் பாருங்கள். வாடிக்கையாளரின் ஆதாரை வாங்கி வைத்திருக்கும் யாருக்கும், ஒன்றும் செய்யாமல் இருப்பது இனி ஒரு வழியல்ல.