எவ்வளவு நேரம் கேட்டாய்? - ராடார் வேகங்களைப் பிரித்தறியும் விதம்

வீதியோரம் ஒரு லொறி நிற்கிறது. அதன் பின்புறத்தை ஒட்டி நின்ற ஒரு பிள்ளை வீதியைக் கடக்க இறங்குகிறது. பின்னால் ஒரு கார் வருகிறது. ஆபத்தைக் கண்டால் தானாகவே பிரேக் பிடிக்கும் வசதி அந்தக் காரில் உண்டு. அதன் முன்பக்க ராடாருக்கு லொறி நன்றாகத் தெரியும். ஆனால் லொறிக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையும் இருக்கிறது என்பது தெரியுமா?

நான் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படிப்பிப்பவன். ராடார் என்றால் தூரம் அளக்கும் கருவி என்றே பிள்ளைகள் பலரும் நினைக்கிறார்கள். தூரம் மட்டும் இந்த இடத்தில் உதவாது. ராடார் பயன்படுத்தும் அலைப்பட்டையின் அகலம் 300 மெகாஹேர்ட்ஸ் என்றால், அரை மீற்றருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரண்டு பொருட்கள் அதற்கு ஒன்றாகவே தெரியும். லொறிக்கும் பிள்ளைக்கும் இடையில் 30 சென்ரிமீற்றர்தான் என்றால் இரண்டும் ஒரே பொருள்தான். அவற்றைப் பிரித்துக் காட்டக்கூடிய இன்னொரு வழி வேகம்.

நகரும் மூலத்திலிருந்து வரும் அலையின் மீடிறன் மாறும் என்று கிறிஸ்டியன் டொப்ளர் 1842இல் சொன்னார். 1845இல் பாய்ஸ் பலட் என்பவர் ஒல்லாந்தில் ஓடும் ரயிலில் எக்காளம் ஊதுவோரை ஏற்றி, அதைக் காதாலேயே கேட்டுச் சோதித்தார். ராடாரிலும் இதே விசயம்தான். கார்களில் உள்ள 77 கிகாஹேர்ட்ஸ் ராடாரின் அலைநீளம் ஏறத்தாழ 3.9 மில்லிமீற்றர். நம்மை நோக்கிச் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் வரும் பொருளில் பட்டுத் தெறிக்கும் அலையின் மீடிறன் சுமார் 513 ஹேர்ட்ஸ் கூடும். அந்தக் கூடுதலை அளந்தால் வேகம் கிடைத்துவிடும்.

ஒரு வேகத்தை அளப்பது வேறு, அருகருகே இருக்கும் இரண்டு வேகங்களைப் பிரித்தறிவது வேறு. இதை விளங்கப்படுத்த நான் வகுப்பில் இசைக்கவைகளைத்தான் எடுப்பேன். 256 ஹேர்ட்ஸ் ஒன்று, 257 ஹேர்ட்ஸ் ஒன்று. இரண்டையும் சேர்த்துத் தட்டினால் செக்கனுக்கு ஒரு தடவை சத்தம் கூடிக் குறையும். இதைத்தான் அடிப்பு என்று படிக்கிறோம். கால் செக்கன் மட்டும் கேட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டால்? கூடிக் குறையவே நேரம் கிடைக்கவில்லை. ஒலித்தது ஒரு கவையா, இரண்டா என்று சொல்ல ஏலாது. 1 ஹேர்ட்ஸ் வித்தியாசத்தைப் பிரிக்க ஏறத்தாழ 1 செக்கன் கேட்க வேண்டும். 50 ஹேர்ட்ஸ் வித்தியாசத்துக்கு 20 மில்லிசெக்கன் போதும்.

ராடாரின் விதியும் இதுதான். அலைநீளத்தை, கேட்ட நேரத்தின் இருமடங்கால் வகுத்தால் வருவது, பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய வேக வித்தியாசம். 77 கிகாஹேர்ட்ஸில் 10 மில்லிசெக்கன் கேட்டால் அது செக்கனுக்கு சுமார் 0.2 மீற்றர். 20 மில்லிசெக்கன் கேட்டால் சுமார் 0.1 மீற்றர்.

இப்போது பிள்ளையின் கணக்கைப் பார்ப்போம். கார் மணிக்கு 36 கிலோமீற்றர், அதாவது செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் வருகிறது. பிள்ளை சுமார் 12 மீற்றர் தூரத்தில், காரின் நேர்த்திசைக்கு 15 பாகை பக்கமாக நின்று, செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் குறுக்கே நடக்கிறது. குறுக்கே நடப்பதால் அந்த நடையில் கால்வாசியே ராடாரை நோக்கிய வேகம். அதே கோணத்தில் உள்ள லொறிப் பகுதி 9.66 மீற்றர் வேகத்தில் நெருங்குவதுபோலத் தெரியும்; பிள்ளை 9.92. வித்தியாசம் வெறும் 0.26 மீற்றர். முழுப் பலத்தோடு பிரேக் பிடித்தாலும் கார் நிற்க 6 மீற்றருக்கு மேல் வேண்டும். ஆகவே முடிவெடுக்க அரைச் செக்கன்தான் இருக்கிறது.

வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார்: "சேர், கம்ப்யூட்டர்ல கூடுதலாப் புள்ளிகளப் போட்டு வரைஞ்சா இன்னும் தெளிவா வராதா?" நல்ல கேள்வி. கிடைத்த அளவீடுகளின் பின்னால் பூச்சியங்களைச் சேர்த்துக் கணித்தால் வரைபு வழவழப்பாக வரும். ஒரு சிகரம் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நுணுக்கமாக வாசிக்கலாம். ஆனால் ஒன்றாகக் கலந்துபோன இரண்டு சிகரங்களை அது பிரிக்காது. கேட்காத சத்தத்தைக் காகிதத்தைப் பெரிதாக்கிப் பெற ஏலுமா?

இன்னொரு சிக்கல், லொறியின் பலம். லொறியிலிருந்து திரும்பும் அலை, பிள்ளையிலிருந்து திரும்புவதை விடப் பல மடங்கு வலிமையானது. சாதாரணமாகக் கணித்தால் பெரிய சிகரத்தின் இரு பக்கமும் சிறு குன்றுகள் முளைக்கும். முதற் குன்று சிகரத்தின் வலுவில் இருபதில் ஒரு பங்கு. பிள்ளை அதற்குள் மறைந்துவிடும். அளவீட்டின் தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாகத் தணித்துவிட்டால் குன்றுகள் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கும். ஆனால் சிகரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அகலமாகும். அப்போது 10 மில்லிசெக்கன் கேட்டால் 0.3 மீற்றர்: பிள்ளை தெரியாது. 20 மில்லிசெக்கன் கேட்டால் 0.15 மீற்றர்: தெரியும்.

அப்படியானால் இன்னும் கூட நேரம் கேட்க வேண்டியதுதானே? அதற்கும் தடை உண்டு. கார் பிரேக் பிடிக்கும்போது அதன் வேகம் செக்கனுக்கு 8 மீற்றர் வீதம் குறையலாம். 20 மில்லிசெக்கனுக்குள் அது 0.16 மீற்றர் மாற்றம். 0.1 மீற்றர் பிரிக்க வேண்டிய கருவிக்குச் சிகரமே கலங்கிப்போகும். நல்ல வேளையாக, காரின் வேகமும் ஆர்முடுகலும் மற்ற உணரிகளுக்குத் தெரியும். அந்த அசைவை அளவீட்டிலிருந்து முதலில் கழித்துவிட்டால் கூடிய நேரம் கேட்கலாம். உண்மையான முன்னேற்றங்களில் இது ஒன்று. அலைநீளத்தைக் குறைப்பது இன்னொன்று: 24 கிகாஹேர்ட்ஸிலிருந்து 77க்கு மாறினால் அதே நேரத்தில் பிரிதிறன் மும்மடங்குக்கும் மேலாகும்.

துடிப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டாமல் இடைவெளியை மட்டும் கூட்டி நேரத்தை நீட்டலாம் என்றும் தோன்றும். படங்களில் வண்டிச் சில்லு பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதுதான் நடக்கும். துடிப்புகளுக்கு இடையே 50 மைக்ரோசெக்கன் என்றால் இரு திசையிலும் மணிக்கு 70 கிலோமீற்றர் வரை குழப்பமின்றி அளக்கலாம். இடைவெளியை இருமடங்காக்கினால் 35தான். அதற்கு மேல் வேகமாக எதிரே வரும் பஸ், விலகிப் போவதாகக்கூடத் தெரியலாம்.

கடைசியாகக் கணித முறைகள். பேர்க் 1967இலும், கேப்பன் 1969இலும் தந்த முறைகளும், பின்னர் வந்தவையும், மேலே சொன்ன விதியின் எல்லையைத் தாண்டிப் பிரிப்பதுண்டு. ஆனால் அவை இலவசமாகக் கிடைப்பவை அல்ல. அலையின் தன்மை பற்றி முன்கூட்டியே ஓர் ஊகத்தை வைத்துக்கொண்டு அவை வேலை செய்கின்றன. ஊகம் சரியாக இருந்து இரைச்சலும் குறைவாக இருந்தால் நல்ல பலன். ஊகம் பிழைத்தால் இல்லாத ஒன்றைக் கூரிய சிகரமாகக் காட்டும். இல்லாத பொருளுக்குப் பிரேக் பிடிக்கும் காரும் ஆபத்துத்தான்.

ஆகவே வேகப் பிரிதிறனைக் கூட்டிவிட்டோம் என்று யாராவது ஓர் அழகான வரைபைக் காட்டினால், என் மாணவர்களிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். எவ்வளவு நேரம் கேட்டீர்கள்? கேட்காததற்குப் பதிலாக எதை ஊகித்தீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால், கூடியிருப்பது வரைபின் அழகு மட்டும்தான்.