ஈழத்துத் தமிழ்த் திரைப்படமும் காண்போர் கடனும்

கவிதை எழுதுவோனுக்கு ஏடும் எழுதுகோலும் போதும். அவன் பாட்டை அவன் காலத்தார் போற்றாதொழியினும், பிற்காலத்தார் கண்டெடுத்துப் போற்றுதல் கூடும். பழந்தமிழ் நூல்கள் பல அவ்வாறே மீண்டன. திரைப்படத்தின் நிலை அத்தகையதன்று. அது பிறக்கும்போதே பெரும் பொருளையும் பலர் உழைப்பையும் வேண்டி நிற்கின்றது. பிறந்த சில நாட்களுக்குள் காண்போர் வந்து கூடாவிடின் படமாளிகையை விட்டு நீங்குகின்றது. அதனை ஆக்கியோன் மற்றொரு படத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாதவனாகின்றான். ஆதலின், காண்போர் எனப்படுவோர் இக்கலைக்குப் புறம்பானவர் அல்லர்; அதன் இன்றியமையாத உறுப்பினராவர். இவ்வுண்மையை ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு நன்கு விளக்குகின்றது.

தோற்றமும் வளர்ச்சியும்

இலங்கைத் திரைப்படத் துறையிலே தமிழர் தொடக்கம் முதலே பங்குகொண்டனர். 1947 ஆம் ஆண்டு வெளிவந்த முதலாவது சிங்களப் பேசும் படமாகிய 'கடவுணு பொறொந்துவ'வைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னுந் தமிழரே. கே. குணரத்தினம் முதலியோர் படமாளிகைகளையும் ஸ்ரூடியோவையும் நடத்திப் பெரும் பணி புரிந்தனர். எனினும், தமிழ் மொழியில் ஒரு படம் இந்நாட்டிலே தோன்றுதற்கு மேலும் பதினைந்து ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. 1962 இல் 16 மில்லிமீற்றர்ச் சுருளிலே ஆக்கப்பட்ட 'சமுதாயம்' அவ்வகையில் முதலாவதாகும். அதனை நெறிப்படுத்தியவர் ஹென்றி சந்திரவன்ச என்னுஞ் சிங்களக் கலைஞர். முதற் சிங்களப் படத்துக்குத் தமிழர் ஒருவரும், முதற் தமிழ்ப் படத்துக்குச் சிங்களவர் ஒருவரும் துணைநின்றமை இருமொழிக் கலைஞரிடையே அன்று நிலவிய உறவினைக் காட்டுவதாகும்.

அதனை அடுத்துப் பி. எஸ். கிருஷ்ணகுமாரின் 'தோட்டக்காரி' வெளிவந்தது. 1966 இல் வந்த 'கடமையின் எல்லை' சேக்ஸ்பியரின் 'ஹம்லெற்' நாடகத்தைத் தழுவியது. 1972 இல் கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' யாழ்ப்பாணத்து மண்ணிலேயே படமாக்கப்பட்டு, அங்குள்ள குடும்ப வாழ்வினைத் திரைக்குக் கொணர்ந்தது. 1975 இல் வி. பி. கணேசனின் 'புதிய காற்று' மலையகத் தொழிலாளரை நோக்கித் திரும்பியது. 1978 இல் செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய 'வாடைக்காற்று', பருவந்தோறும் தீவுக்கு வந்து வாடியமைத்துத் தங்கும் மீனவரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது.

இப்பெருக்கத்துக்குக் காரணம் ஒன்றுண்டு. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, பிறநாட்டுப் படங்களின் இறக்குமதி அதன் கைப்பட்டது. தென்னிந்தியப் படங்களின் வரவு கட்டுப்பட்ட அவ்வாண்டுகளிலேயே உள்ளூர்ப் படங்கள் ஓரளவு மூச்சுவிட்டன. ஆயின் 1977 இன் பின்னர்ப் பொருளாதாரக் கொள்கை மாறியது; 1979 இல் தொலைக்காட்சி வந்தது; வீடியோ நாடாக்கள் வீடுதோறும் நுழைந்தன. 1983 யூலையில் நிகழ்ந்த இனவன்செயலில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரியுண்டது. அதன் பின்னர் நீண்ட போர் மூண்டது. 1962 முதல் 1993 வரை வெளிவந்த ஈழத்துத் தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய முப்பதே என்பதை நோக்குமிடத்து, இக்கலை எத்துணை இடர்ப்பாட்டுக்கிடையே வாழ்ந்தது என்பது புலனாகும்.

சந்தையின் கணக்கு

உள்ளூர்ப் படங்கள் தளர்ந்தமைக்குக் கலைஞரின் திறமைக்குறைவே காரணம் என்பார் உளர். அது முழு உண்மையன்று. சென்னையிலே ஆக்கப்படும் படம் பல கோடி மக்களைக் கொண்ட தமிழ்நாட்டிலேயே தன் முதலைத் தேடிக்கொள்ளும் வாய்ப்புடையது. இலங்கைக்கு வரும்போது அதற்குப் பிரதிக்கும் உரிமைக்குமே செலவு. ஈண்டு கிடைக்கும் வருவாய் அதற்கு மேலதிக ஊதியம். உள்ளூர்ப் படமோ தன் முழுச் செலவையும் இச்சிறு தீவினுள் வாழும் தமிழ் மக்களிடமிருந்தே பெறவேண்டியுள்ளது. படமாளிகையின் வாயிலில் இரண்டுக்கும் நுழைவுச்சீட்டின் விலை ஒன்றே. ஆனால், அவ்விலை முன்னதற்குக் கொசுறு, பின்னதற்கு உயிர்.

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்கலாம். ஒரு படத்துக்கு ஒரு கோடி ரூபா செலவாயிற்று என்றும், ஒவ்வொரு சீட்டிலும் தயாரிப்பாளரைச் சேரும் பங்கு 200 ரூபா என்றும் கொள்வோமாயின், போட்ட முதல் மீள்வதற்கே 50,000 பேர் அதனைக் காணவேண்டும். இத்தொகை தமிழ்நாட்டின் பெரும் படமொன்றுக்குப் பொருட்டன்று. ஈழத்துப் படத்துக்கோ மாவட்டங்கள் பலவற்றின் ஆதரவு சேர்ந்தாலன்றி எட்டாத இலக்காகும். எனவே, இங்கே ஒருவர் வருவதும் வாராதொழிவதும் கணக்கில் உடனே தெரியும் பொருளாகின்றன.

சிங்களத் திரைப்படம் காட்டும் வழி

சிங்களத் திரைப்படமும் தொடக்கத்தில் இதே நிலையிலிருந்தது. முதற் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களில் ஆக்கப்பட்டன. கதையும் பாட்டும் நடிப்பும் அங்குள்ள வாய்பாட்டைத் தழுவின. 1956 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' என்னும் படத்தை ஸ்ரூடியோவுக்கு வெளியே, நாட்டுப்புறத்து வெளியிலே படமாக்கினார். 1957 இல் அது கான் விழாவிலே காட்டப்பட்டது. ஆயினும் வணிக முறையில் அது வெற்றிபெறவில்லை. காண்போர் அப்புதுமைக்குப் பழகியிருக்கவில்லை. அவர் தளராது முயன்றார். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி 1963 இல் அவர் ஆக்கிய 'கம்பெரலிய' 1965 இல் புதுதில்லியில் நிகழ்ந்த அனைத்துலகத் திரைப்பட விழாவில் தங்கமயில் விருதினைப் பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் இயக்குநர் வளர்ந்ததோடு காண்போரும் வளர்ந்தனர் என்பதே இங்கு கருதத்தக்கது.

தமிழ்த் திரைப்படத்துக்கு அத்தகைய பொறுமை கிட்டவில்லை. 1977 இல் தர்மசேன பத்திராஜ நெறிப்படுத்திய 'பொன்மணி' இதற்குத் தக்க சான்று. காவலூர் இராசதுரை எழுதிய அப்படம் சீதனம், சாதி என்பவற்றால் நெருக்குண்ட யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றை ஆரவாரமின்றிக் காட்டியது. இன்று திறனாய்வாளர் அதனை ஈழத்துத் தமிழ்த் திரைப்படத்தின் சிறந்த பேறுகளுள் ஒன்றாக மதிக்கின்றனர். அது வெளிவந்த காலத்திலோ ஆடலும் பாடலும் அடுக்குமொழியும் எதிர்பார்த்துச் சென்றோர் அதனை ஏற்றிலர். மதிப்புரை பின்னர் வந்தது. மக்கள் அப்போதே வந்திலர். காலந்தாழ்த்திய புகழ் கவிஞனுக்குப் பயன்படலாம். படத் தயாரிப்பாளனின் கடனை அது தீர்ப்பதில்லை.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1976 இல் வெளிவந்த 'கோமாளிகள்' மரைக்கார் ராமதாஸின் வானொலி நாடகத்திலிருந்து பிறந்தது. வானொலியிலே கேட்டுப் பழகிய பேச்சையும் பாத்திரங்களையும் திரையிலே காண மக்கள் திரண்டனர். தமக்கு அறிமுகமானதைத் திரையிற் காணும் விருப்பம் ஈழத்துத் தமிழரிடம் இல்லாமலில்லை. அதனைத் தொடர்ந்து வளர்க்கும் ஏற்பாடே இல்லாதிருந்தது.

மொழியும் வாழ்வும்

'தமிழ்நாட்டுப் படங்களும் தமிழ்ப் படங்களேயன்றோ? பின்னர் உள்ளூர்ப் படம் என்ற வேறுபாடு எற்றுக்கு?' என வினவுதல் இயல்பு. தமிழ்நாட்டுக் கலையை வெறுத்தொதுக்குதல் அறிவுடைமையாகாது. சங்க நூலும் திருமுறையும் கம்பன் பாட்டும் இருகரைக்கும் பொது. ஆனால், நெடுந்தீவுக் கடலும் வன்னிக் குளங்களும் மட்டக்களப்பு வாவியும் மலையகத்து லயன் வரிசையும் தமிழ்நாட்டுக் கலைஞனின் அன்றாட அனுபவம் அல்ல. அவற்றை அவன் கூறாமைக்கு அவனைக் குறை சொல்லுதல் முறையன்று. அது அவன் கடனுமன்று. அங்குள்ள படங்களில் ஈழத்துப் பேச்சு இடம்பெறும்போதும், 2000 ஆம் ஆண்டின் 'தெனாலி'யிற் போல, பெரும்பாலும் நகைச்சுவைக்குரிய புதுமையாகவே அது பயன்பட்டுள்ளது. ஒரு மொழிவழக்கு தன் துயரையும் காதலையும் சினத்தையும் திரையிலே தானே பேசுதற்கு, அதனைப் பேசும் மக்களே படம் எடுத்தல் வேண்டும்.

இலக்கியத் துறையில் இவ்வழக்கு முன்னரே தீர்க்கப்பட்டதாகும். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை 1940 இல் வெளியிட்ட 'நானாடகம்' யாழ்ப்பாணப் பேச்சுவழக்கை நாடக மேடைக்கு உரித்தாக்கியது. 1960களின் தொடக்கத்தில் பேச்சுத் தமிழில் எழுதுதல் இழிசனர் வழக்கென மரபுவாதிகள் சிலர் பழித்தபோது, எழுத்தாளர் அதனை மறுத்து நின்றனர். அக்காலத்திலேயே பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு மேடையேற்றி, நாட்டுப்புறத்தார்க்குரியதெனக் கருதப்பட்ட கலைக்குக் கற்றோர் அவையிலும் மதிப்புத் தேடித்தந்தார். எழுத்துக்கும் கூத்துக்கும் கிடைத்த அவ்வாதரவு திரைப்படத்துக்குக் கிடையாது போயிற்று.

திரைப்படம் கலையாதலுடன் ஆவணமுமாகும். போருக்கு முற்பட்ட யாழ்ப்பாணத்து வேலிகளும் வீதிகளும் வீட்டு முற்றங்களும், அங்கு மக்கள் நடந்த நடையும் பேசிய பேச்சும் 'குத்துவிளக்கு', 'பொன்மணி' போன்ற படங்களிலே பதிவாயின. அவற்றுட் பல இன்று நிலத்தில் இல்லை. ஈழத்துத் தமிழ்ப் படங்கள் சிலவற்றின் மூலச்சுருள்களும் வன்செயலிலும் பேணுவாரின்மையாலும் அழிந்தன. காண்போர் கேட்காத படத்தைப் பிரதி செய்வார் இலர். பிரதியில்லாத படம் ஒரு தீயில் முடிந்துவிடும். ஆதலால், ஆதரவின்மை அன்றைய வருவாயை மட்டுமன்றிப் பிற்சந்ததியாரின் நினைவையுங் குறைக்கின்றது.

இன்றைய வாய்ப்பும் கடமையும்

கடந்த இருபது ஆண்டுகளில் நிலைமை பெரிதும் மாறியுள்ளது. சுருளும் அதனைக் கழுவும் நிலையமும் இன்றி, டிஜிற்றல் கருவிகளால் குறைந்த செலவிற் படமெடுத்தல் கைகூடியுள்ளது. 2009 இல் போர் முடிந்த பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் இளைஞர் பலர் குறும்படங்களை ஆக்கி வருகின்றனர். 2015 இல் யாழ்ப்பாண அனைத்துலகத் திரைப்பட விழா தொடங்கப்பட்டது. ஜூட் இரத்தினத்தின் ஆவணப்படம் 2017 இல் கான் விழாவிலே காட்டப்பட்டது. 2018 இல் 'கோமாளி கிங்ஸ்' படமாளிகைகளில் வெளியாயிற்று. புலம்பெயர்ந்தோரிடையே லெனின் எம். சிவம் போன்றோர் கனடாவிலிருந்து முழுநீளப் படங்களை ஆக்கினர். படமெடுப்பதற்கு முன்னிருந்த தடை தளர்ந்துவிட்டது. எடுத்த படத்தைக் காண்பார் எங்கே என்னுந் தடையே எஞ்சி நிற்கின்றது. இத்தடையை நீக்குதற்குரியவர் காண்போரேயாவர்.

'படம் தரமற்றதாயின் அதனையும் ஆதரித்தல் வேண்டுமோ?' என்னும் ஐயம் எழலாம். ஆதரவு வேறு, முகத்துதி வேறு. காணாமலே பழித்தலும் உள்ளூர்ப் படமென்பதற்காக வீண்புகழ் கூறுதலும் ஒருசேரத் தீங்காவன. பணங்கொடுத்துப் பார்த்தல், பார்த்தபின் குறைநிறைகளைக் காரணங்காட்டி எழுதுதல், அடுத்த படத்தில் அக்குறை நீங்கியதா என மீண்டும் சென்று பார்த்தல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே உண்மையான ஆதரவு. திறனாய்வின்றிக் கலை திருந்தாது. காண்போரின்றித் திறனாய்வுக்கே பொருள் இராது.

இவ்வாதரவைத் திரட்டுதற்குக் கல்லூரிகள் தக்க இடங்களாகும். மாணவர் மன்றங்கள் திரைப்படக் கழகங்களை அமைத்து, தவணைக்கொரு முறையேனும் உள்ளூர்ப் படமொன்றை முறையான கட்டணத்துடன் காட்டி, அதனை ஆக்கியோரை அழைத்துக் கலந்துரையாடலாம். ஆசிரியர், நாவலையும் நாடகத்தையும் கற்பிக்கும் அதே கவனத்தோடு திரைப்படத்தை நோக்கும் முறையையும் மாணவர்க்கு உணர்த்தலாம். பழைய மாணவர் சங்கங்கள் கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மண்டபங்களை ஒழுங்குசெய்து காட்சிகளை நடத்தலாம். எஞ்சியிருக்கும் பழைய படங்களைத் தேடி டிஜிற்றல் முறையிற் பேணுதற்குப் பொருளுதவலாம். திருட்டுப் பிரதியைத் தவிர்த்தல் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய செயல்.

இது ஈழத்தவர்க்குப் புதிய வழக்கமன்று. மட்டக்களப்பு நாட்டிலே கூத்தொன்றைப் பழக்குங்கால், அண்ணாவியார் சட்டங் கொடுப்பது முதல் அரங்கேற்றம் ஈறாக ஊரே அதனைத் தாங்கியது. அரங்கேறிய பின்னர்க் கூத்தர் வீடுதோறுஞ் சென்று ஆடுவர். வீட்டார் தத்தம் வசதிக்கேற்பப் பொருள் வழங்குவர். அங்கே கலை விற்பனைப் பண்டமாகவோ இரந்து பெறும் உதவிக்குரியதாகவோ கருதப்படவில்லை. ஊரின் கலையை ஊர் பேணுதல் இயல்பான ஒழுங்காக இருந்தது. கூத்துக்களரிக்கு ஊரார் அளித்த அப்பங்கினைத் திரைக்குங் காண்போர் அளிப்பாராயின், 'பொன்மணி'க்கு நேர்ந்த நிலை இனிவரும் படங்களுக்கு நேராது. இளங்கலைஞர் தம் முதற் படத்தோடு நின்றுவிடாது, இரண்டாவதையும் மூன்றாவதையும் ஆக்கித் தேர்ச்சி பெறுவர்.